டிக்கெட் கவுன்ட்டரில் நின்ற விமானங்கள்: பழைய ஏர்லைன் மாடல் சேகரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் 14 விமானங்கள் நிற்கின்றன. வருகிறவர்கள் கேட்பதையும், இந்தப் பழக்கத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் போனில் கேட்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் சேர்ப்பது விமான நிறுவனங்கள் தங்கள் டிக்கெட் அலுவலகங்களிலும் டிராவல் ஏஜென்ட்களின் மேசையிலும் வைத்த காட்சி மாடல்களை. பெரும்பாலும் 1950-களிலிருந்து 1980-கள் வரை வந்தவை. பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

இதெல்லாம் பொம்மைதானே?

என் மாமியாரும் இதைத்தான் கேட்டார். பொம்மை குழந்தைக்குச் செய்வது. இவை டிக்கெட் விற்கச் செய்தவை. 1960-ல் லண்டனுக்குப் போக நினைத்தவர்களில் பலர் ஜெட் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கவுன்ட்டருக்கு வந்தால் அங்கே பளபளவென்று ஒரு போயிங் 707 நிற்கும். ஏஜென்ட் அதைக் காட்டி, "சார், நீங்கள் உட்காரப் போவது இங்கே, இறக்கைக்கு முன்னாடி" என்று சொல்லலாம். இன்று இணையத்தில் இருக்கைப் படம் செய்யும் வேலையை அன்று இந்த மாடல்தான் செய்தது.

சில பெரிய அலுவலகங்களில் ஒரு பக்கச் சுவரை வெட்டித் திறந்த மாடல்கள் இருந்தன. உள்ளே வரிசையாக நாற்காலி, திரை, சமையல் மேடை, சிலவற்றில் விரல் நகம் அளவு மனிதர்கள்கூட. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று சாலையில் போகிறவர்களை இழுத்து நிறுத்தியவை அவை. அப்படி ஒன்று என்னிடம் இல்லை. கிடைத்தால் எங்கே வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

யார் செய்தார்கள்?

விமானம் தயாரித்தவர்கள் அல்ல, இதற்கென்றே இருந்த சிறு பட்டறைகள். ஹாலந்தின் ராட்டர்டாமில் ரெய்ஸ் அப். அதே நாட்டில் வெர்குய்ல். இங்கிலாந்தில் வெஸ்ட்வே, ஸ்பேஸ் மாடல்ஸ். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டாப்பிங், பிரிசைஸ். கலிஃபோர்னியாவில் பசிஃபிக் மினியேச்சர்ஸ். சேகரிப்பவர்கள் வாயில் அது பேக்மின்.

முதலில் மரத்தில் இழைத்தார்கள், அலுமினியத்தில் வார்த்தார்கள். பின்னாளில் ஃபைபர்கிளாஸ். அச்சில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, சன்னல் வரிசையையும் பெயரையும் ஸ்கிரீன் பிரின்டிலோ நீரில் நனைத்து ஒட்டும் டீக்காலிலோ ஏற்றுவார்கள். கைவேலை என்பதால் ஒரே பட்டறையின் ஒரே மாடலில் இரண்டு எடுத்துப் பார்த்தால் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. என்னிடமிருக்கும் ஏர் இந்தியா போயிங் 747-ல் சன்னலுக்குச் சன்னல் சிவப்பு வளைவு உண்டு. 1971-ல் வந்த அந்த விமானங்களுக்கு ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம்போல் வரைந்தார்களே, அதுதான். இடது பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் வளைவு அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. ஸ்கிரீன் நகர்ந்துவிட்டது போல. லென்ஸ் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது லென்ஸ் இல்லாமலே அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அப்படியானால் இப்போது ஏன் எந்த ஆபீஸிலும் காணோம்?

ஆபீஸே காணோமே. 1995-ல் அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் ஏஜென்ட் கமிஷனுக்கு உச்சவரம்பு போட்டது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். அப்புறம் இணையம். 2008 ஜூன் முதல் உலகெங்கும் காகித டிக்கெட்டுக்கு விடைகொடுத்தாகிவிட்டது. சென்னையில் அண்ணா சாலையைச் சுற்றி இருந்த விமான நிறுவன அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டபோது நாற்காலி, மேசை, ஃபைல் அலமாரியோடு மாடல்களும் எடைக்குப் போயின. எத்தனை காயலான் கடையில் நசுங்கின என்று நினைத்தால் வயிறு எரியும்.

ஸ்கேல் என்கிறார்களே, எது வாங்கலாம்?

நிஜ விமானத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் ஸ்கேல். முதலில் அலமாரியை அளந்து பாருங்கள். ஜம்போ 747-ன் நீளம் ஏறத்தாழ 70.7 மீட்டர். 1:200-ல் 35 சென்டிமீட்டர், புத்தக அலமாரியில் நிற்கும். 1:100-ல் 71, தனி மேசை வேண்டும். 1:50-ல் 1 மீட்டர் 41, அதற்கு வீட்டில் உள்ளவர்களின் சம்மதம் வேண்டும். ஏஜென்ட் மாடல்களில் ஜெட்டுக்கு 1:100-உம், பழைய காற்றாடி விமானங்களுக்கு 1:50, 1:72-உம் அதிகம் கிடைக்கின்றன. டகோட்டா என்று நம்மவர்கள் சொல்லும் டிசி-3 சின்ன விமானம்; 1:50-ல்கூட இறக்கை நுனிக்கு நுனி 58 சென்டிமீட்டர்தான்.

மாடல் எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவை இதில்தான் இருக்கிறது. மாடலில் தேதி போட்டிருக்க மாட்டார்கள். உடம்பிலிருந்துதான் படிக்க வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். 'ஏர் இந்தியா இன்டர்நேஷனல்' என்று இருந்தால் 1948-க்கும் 1962-க்கும் இடைப்பட்டது. 1962-ல் பெயரைச் சுருக்கிவிட்டார்கள். 'மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்' என்றிருந்தால் 1972-ல் அது இரண்டாகப் பிரிவதற்கு முன்னால். பிஓஏசி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் என்றால் 1974-க்கு முன். அந்த ஆண்டுதான் அதையும் இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனமான பிஇஏ-வையும் இணைத்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆக்கினார்கள். 'ஏர் சிலோன்' என்றால் 1970-களின் கடைசிக்கு இந்தப்பக்கம் வராது. 1979-ல் இலங்கையில் ஏர் லங்கா பறக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து இன்ஜின். ஏர் இந்தியா 1960-ல் வாங்கிய முதல் 707-களில் ரோல்ஸ்-ராய்ஸ் கான்வே இன்ஜின். உறை ஒல்லியாக, ஒரே சீராக நீண்டிருக்கும். பிறகு வந்தவற்றில் அமெரிக்க பிராட் அண்ட் விட்னி. அதில் முன்பகுதி பருத்து, சட்டென்று ஒரு படி இறங்கிச் சிறுக்கும். சட்டைக் கையை மடித்துவிட்ட மாதிரி. நல்ல பட்டறைகள் இந்த வித்தியாசத்தைக் கவனமாகச் செய்தார்கள். சோம்பேறிப் பட்டறைகள் ஒரே இன்ஜினை எல்லா 707-க்கும் மாட்டினார்கள். ஆகவே இன்ஜினை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள்.

747-ல் மேல்தளச் சன்னலை எண்ணுங்கள். ஆரம்ப விமானங்களில் பக்கத்துக்கு 3. பிறகு 10 வந்தது. மேல்தளம் இறக்கை வரை நீண்டிருந்தால் அது 1980-களிலோ அதற்குப் பிறகோ வந்த ரகம்.

கடைசியாக ஸ்டாண்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். பட்டறையின் பெயர் பெரும்பாலும் அடிப்பலகையில்தான் இருக்கும், ஒட்டுத்தாளாகவோ சின்ன உலோகத் தகடாகவோ. ஒரு முறை அடியில் ஒட்டியிருந்த பச்சை நிறத் துணியின் கீழே பென்சிலில் எழுதிய ஒரு மேசை எண் கிடைத்தது. யாருடைய மேசை என்று இன்றுவரை தேடுகிறேன்.

பறக்காத விமானத்துக்குக்கூட மாடல் உண்டாமே?

உண்டு. எனக்கு மிகப் பிடித்த கிளை அதுதான். ஒலியை மிஞ்சும் கான்கார்டு விமானத்துக்கு உலகின் பல நிறுவனங்கள் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தன. ஏர் இந்தியாவும் 2 விமானங்களை வாங்கும் உரிமை எடுத்திருந்தது. 1973 ஜனவரி 31 அன்று அமெரிக்க நிறுவனங்களான பான் ஆமும் டிடபிள்யூஏ-வும் விலகின. அதோடு மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள். கடைசியில் வாங்கியது பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்ஸும்தான். ஆனால் மாடல் பட்டறைகள் காத்திருக்கவில்லை. பான் ஆம் நிறத்தில் கான்கார்டு மாடல்கள் அதற்குள் வந்துவிட்டன. போயிங் திட்டமிட்ட 2707 என்ற ஒலியை மிஞ்சும் விமானத்தின் கதையும் அதுதான். 1971-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. முழு விமானம் ஒன்றுகூட உருவாகவில்லை, மாடல்கள் மட்டும் இருக்கின்றன. நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோன கல்யாணத்தின் பத்திரிகை மாதிரி.

எங்கே கிடைக்கும்?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் அவ்வப்போது தென்படும். அங்கே ஏர் இந்தியாவின் மகாராஜா பொம்மையைத்தான் முதலில் நீட்டுவார்கள். 1946-ல் பிறந்த அந்த மீசைக்காரரைச் சேர்ப்பவர்கள் தனி ஜாதி, அவர்களோடு போட்டிக்குப் போகாதீர்கள். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் கார் பாகம்தான் வரும். இணைய ஏலங்களில் உலகச் சரக்கு எல்லாம் இருக்கிறது, விலையும் உலக விலை.

என் அனுபவத்தில் நல்லவை எல்லாம் மனிதர்கள் வழியாகத்தான் வந்தன. ஓய்வுபெற்ற விமான நிறுவன ஊழியர்கள், மூடிய ஏஜென்ஸிகளின் முதலாளிகள், அவர்களுடைய பிள்ளைகள். என் முதல் மாடல் திருச்சியில் ஒரு பெரியவர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. "மேசையை விற்றேன், டைப்ரைட்டரை விற்றேன், இதை விற்க மனசு வரல தம்பி" என்றார். காசு வாங்க மாட்டேன் என்றவர், வருடம் ஒரு முறை அதன் போட்டோவை அனுப்பச் சொன்னார். அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

போலி என்பதைவிட, புதியதைப் பழையது என்று விற்பதுதான் அதிகம். பிலிப்பைன்ஸில் மரத்தில் செதுக்கி வரும் மேசை மாடல்கள் அழகானவை. அவற்றைப் புதியவை என்று சொல்லி விற்றால் எந்தக் குறையும் இல்லை. 'ஒரிஜினல் 1960 ஏஜென்ட் மாடல்' என்று சொல்லும்போதுதான் வம்பு.

ஒரு நகைக்கடை லென்ஸ் போதும். எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய ஸ்கிரீன் பிரின்டில் நிறம் ஒரே தட்டையாக, விளிம்பில் மெல்லிய மேடாக இருக்கும். இப்போதைய பிரின்டர் ஸ்டிக்கரில் பத்திரிகைப் படம் மாதிரி புள்ளிகள் தெரியும். பிறகு மோந்து பாருங்கள், புது வார்னிஷ் வாசனை ஒளியாது. ஸ்டாண்டின் கம்பி மாடலுக்குள் நுழையும் ஓட்டையைச் சுற்றி 50 வருடத்தில் ஒரு தேய்மானம் வந்திருக்க வேண்டும். எல்லா இடமும் அழுக்காக இருந்து அந்த ஓட்டை மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அழுக்கு பூசப்பட்டது என்று அர்த்தம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி?

வலிக்கும். சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைக்கான இறக்குமதி வரியை இந்தியா 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏற்றியது. கூரியரில் ஒன்று, கையோடு கொண்டுவந்தால் ஒன்று என்று கணக்கு மாறும் என்பதால், பணம் கட்டும் முன்பே அனுப்பும் நிறுவனத்திடம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். மாமியாரிடம் "இது பொம்மை இல்லை" என்று வாதாடிய நான் சுங்கத்திடம் அதையே நிரூபிக்க முடியாமல் நின்றிருக்கிறேன்.

பழசாகத் தெரிகிறது, புதிதாக பெயிண்ட் அடித்துவிடலாமா?

கூடாது. என்னைக் கேட்டால் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு மாடலைக் கவுன்ட்டரில் இருந்த மாடலாக ஆக்குவதே அந்தக் காலத்து பெயிண்ட்தான். பழைய சிவப்பை இன்று டப்பாவில் வாங்க முடியாது. அடித்தபின் உங்களிடம் இருப்பது பழைய ஃபைபர்கிளாஸின் மேல் ஒரு புது மாடல். வாங்குகிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

உடைந்த இறக்கையை ஒட்டலாம், கழன்ற இன்ஜினைப் பொருத்தலாம். செய்ததை ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டுக்கு அடியில் வையுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், ஒட்டுமிடத்தைச் சுற்றி வெள்ளைப் புகைபோலப் படியும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

சரி, சுத்தம் எப்படிச் செய்வது?

முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அந்த 747 வந்தபோது அதன்மேல் ஒரு பழுப்புப் படலம். சிகரெட் பிடிக்கத் தடை இல்லாத காலத்து அலுவலகம் அல்லவா, பல வருடப் புகை. ஞாயிறு மதியம், அவசரம், கையில் தின்னர். பஞ்சில் நனைத்து ஓர் இன்ஜினில் வைத்தேன். படலம் வந்தது. கூடவே ஏர் இந்தியாவின் சின்னமான அந்த வில்லேந்திய குதிரை மனிதனும் பஞ்சோடு வந்துவிட்டான். இன்ஜின் நான்கு, வில்லாளி மூன்று என்று அந்த விமானம் இன்றும் நிற்கிறது.

முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள், சன்னல் வரிசைக்குக் குறுக்கே இல்லாமல் நீளவாக்கில். பிறகு வடிகட்டிய நீரில் லேசாக நனைத்த காது குடையும் பஞ்சு. போகாவிட்டால் எச்சில். சிரிக்காதீர்கள், ஓவியங்களைப் பாதுகாக்கும் நிபுணர்களே செய்வதுதான். எச்சிலில் இருக்கும் நொதிகள் அழுக்கை இளக்கும். பிறகு நீரில் ஒரு துடை. எதைச் செய்தாலும் முதலில் வயிற்றுப் பக்கத்தில் ஒரு பைசா அளவு இடத்தில் சோதித்துவிட்டு மேலே வாருங்கள். டீக்கால் விளிம்பு தூக்கியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இறக்கை தானாக வளைகிறது, புளிப்பு வாசனையும் வருகிறது. என்ன ஆயிற்று?

அது செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்காக இருக்கும். அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அதாவது வினிகர். பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும் என்பதால் பிரித்து, காற்றோட்டமான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம்.

உலோக மாடலில் இன்னொரு வியாதி. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியும். பெயிண்டில் சிலந்தி வலைபோல விரிசல் கண்டால் வாங்காதீர்கள், மருந்து கிடையாது.

சென்னை வெயிலிலும் ஈரத்திலும் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

சன்னலுக்கு எதிர்ச் சுவரில், கண்ணாடி அலமாரியில். வெள்ளை பெயிண்ட் மஞ்சளாவது வெயிலால்தான். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். மர மாடல் இருந்தால் கரையானுக்குப் பயந்து அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அந்துருண்டை மட்டும் போடவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

இது நல்ல முதலீடா?

தங்கம் வாங்குங்கள்.

விலை எதனால் ஏறுகிறது என்று மட்டும் சொல்லலாம்: இல்லாமல் போன நிறுவனம், குறைந்த காலமே இருந்த நிறக்கோலம், ஒரிஜினல் ஸ்டாண்ட், தொடப்படாத பெயிண்ட். 2005 இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் 'இந்தியன்' என்று பெயர் மாற்றி வாலில் கோனார்க் சக்கரம் வரைந்தது. 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அந்தச் சின்ன இடைவெளியில் வந்த மாடலை இன்று மலிவாக வாங்கலாம். நான் இரண்டு வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

இப்போது கடையில் கிடைக்கும் டை-காஸ்ட் (அச்சில் வார்த்த சின்ன உலோக மாடல்) சேர்க்கலாமா?

தாராளமாக. 1:400-லும் 1:500-லும் நுணுக்கமாகச் செய்கிறார்கள், இடமும் அடைக்காது. அது வேறு பழக்கம், அவ்வளவுதான்.

தேடிக்கொண்டே இருக்கும் மாடல் எது?

ஏர் சிலோனின் டகோட்டா. 1947 டிசம்பர் 10 அன்று அந்த நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. அந்த டகோட்டாக்களுக்கு தேவி என்று முடியும் பெயர்கள். அவற்றில் ஒன்று சீதா தேவி. அந்தக் காலத்துக் கவுன்ட்டர் மாடல் ஒன்றை இதுவரை நேரில் பார்த்ததில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ யார் வீட்டு ஷோகேஸிலாவது ஒன்று நின்றால், விற்க வேண்டாம், போட்டோ அனுப்பினாலே போதும்.

வாங்கியதை உடையாமல் ஊர் கொண்டுவருவது எப்படி?

முதலில் ஸ்டாண்டைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். பெட்டிக்குள் ஸ்டாண்ட் ஆடித்தான் பாதி இறக்கைகள் உடைகின்றன. இறக்கை திருகாணியில் இருந்தால் கழற்றுங்கள், ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். இன்ஜினைத் தாங்கும் தண்டுதான் மிக நலிந்த இடம். பஞ்சால் சுற்றி அதன்மேல் எந்த அழுத்தமும் விழாமல் பாருங்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் நாலு விரல் இடைவெளி.

விமானத்தில் கையோடு எடுத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள். கேபின் பைக்கு அனுமதி 55 சென்டிமீட்டர், என் 747-க்கு 71. மும்பையில் வாங்கி ரயிலில்தான் கொண்டுவந்தேன். மேல் பெர்த்தில் அது படுத்து வந்தது. நான் கீழே, எதிரில் இருந்த குடும்பத்தோடு சீட்டாடிக்கொண்டே உட்கார்ந்து வந்தேன். ரேணிகுண்டாவில் டிக்கெட் பரிசோதகர் மேலே எட்டிப் பார்த்து, "யார் சார் அது போர்வைக்குள்ளே?" என்றார்.